கணினியின் கசிவும் தருக்கத்தின் குற்றமும்

சென்ற பொங்கல் விடுமுறையில், முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்து, கொடிகாம நிலையத்தில் இறங்கி, நேரே என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தார். இலக்கண வகுப்பில் அவர் பெரிதும் துலங்கியவர் அல்லர். ஆயினும் இன்று கணினிக்குச் செய்நிரல் எழுதுந் தொழிலில் நல்ல பெயர் எடுத்திருக்கின்றார். அன்று முகம் வாடியிருந்தது. யாது காரணம் என்று வினவினேன்.

"நினைவகக் கசிவு, ஐயா" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே முதலில் எழும்.

அவர் சிரித்துக்கொண்டு விளக்கினார். அவர் பணிசெய்யும் இடத்தில் இரவு பகல் ஓயாது ஓடவேண்டிய செய்நிரல் ஒன்று உண்டு. தொடங்கும்போது சிறிதளவு இடமே அதற்குப் போதும். நாட் செல்லச் செல்ல அது கணினியின் நினைவகத்தில் மேலும் மேலும் இடம் பிடித்து, நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ இடமின்றித் திணறி நின்றுவிடும். நிறுத்தித் திரும்பத் தொடக்கினால் பழையபடி ஓடும். ஆகவே நள்ளிரவுதோறும் யாரேனும் ஒருவர் அதனை நிறுத்தித் தொடக்கிவிடுவது வழக்கமாயிற்று. அந்த யாரேனும் ஒருவர் பெரும்பாலும் இவரே.

"கசிவு என்றால் உள்ளே உள்ளது வெளியே ஒழுகவேண்டும். இங்கே என்ன ஒழுகுகின்றது, தம்பி?"

"ஒன்றும் ஒழுகவில்லை, ஐயா. வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்."

"அப்படியானால் அது முடக்கம் அல்லவா? வட்டிக்குக் கொடுத்த பணம் திரும்பாமற் கிடந்தால் முதல் முடங்கிற்று என்கின்றோம். முதல் கசிந்தது என்று எவரும் சொல்வதில்லையே."

"முடக்கம் என்றால் இப்போது ஊரடங்கு என்று விளங்கிக்கொள்வார்கள், ஐயா."

வழக்கு வென்றது. இக்கட்டுரையிலும் கசிவு என்றே எழுதுகின்றேன். ஆயினும் வாசகர்கள் முடக்கம் என்னும் பொருளையே மனத்திற் கொள்வாராக. அதனைக் கொள்ளாவிடில் இனி வருவது விளங்காது.

கணினியின் நினைவகம் ஒரு நூல்நிலையம் போன்றது. செய்நிரல் தனக்கு வேண்டிய இடத்தை அங்கே இரவல் பெறுகின்றது. வேலை முடிந்ததும் மீட்டளிக்க வேண்டும். சி என்னும் மொழியிலே பெறுதலும் மீட்டளித்தலும் செய்நிரல் எழுதுபவரின் கடமை. மீட்டளிக்க மறந்தால் கசிவு. பைதன் போன்ற மொழிகளிலோ, எழுதுபவர் அதனைப் பற்றி நினைப்பதே இல்லை. செய்நிரல் ஓடும் வேளையில் அதன் அடியிலிருந்து பணி புரியும் ஒரு தொகுதி உண்டு. இயங்குநேரத் தொகுதி என்று அதற்குப் பெயர். கூத்து மேடையின் பின்புறத்தில் உடுப்பும் முடியும் எடுத்துக் கொடுத்து, காட்சி முடிந்ததும் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைப்பவரைப் போன்றது அது. அந்தத் தொகுதியே கணக்குத் தவறினால் ஆடுபவர் என் செய்வார்?

இதில் எவருக்கு என்ன கேடு என்று எண்ணுவார் இருக்கலாம். 1992ஆம் ஆண்டு லண்டன் மாநகரிலே நோயாளர் காவுவண்டிகளை ஏவுவதற்கென ஒரு கணினித் தொகுதியை ஒக்டோபர் 26ஆம் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். வேறு பல குறைகளால் அது தொடக்கத்திலேயே தத்தளித்தது. அது வேறு கதை. நவம்பர் 4ஆம் திகதி அதிகாலையில் அது முற்றாக நின்றே போயிற்று. பின்னர் விசாரணை செய்தோர் கண்ட காரணம் இதுதான்: செய்நிரலைத் திருத்தியபோது அதிலே நீக்கப்படாமல் விடப்பட்ட சிறு துண்டு ஒன்று, ஒவ்வொரு வண்டிக்கும் செய்தி அனுப்பப்படுந்தோறும் நினைவகத்தில் ஒரு சிறிதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் இடம் தீர்ந்தது. ஒரு தடவையில் பிடித்த அளவு கண்ணுக்கே புலப்படாதது. உதவிக்கென வைத்திருந்த மாற்றுக் கணினியும் கைகொடுக்கவில்லை. பணியாளர் தாளும் எழுதுகோலும் எடுத்தே அன்றைய அழைப்புகளைக் கவனித்தனர். நம்மவர் எத்தனையோ பேர் வாழும் நகரம் அது.

இனி, மீட்டளிக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்த வரலாற்றுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் மக்கார்த்தி, லிஸ்ப் என்னும் தம் மொழியை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்நிரல் இப்போது கையாளும் பெயர்களிலிருந்து தொடங்கி, அவை சுட்டும் பொருள், அப்பொருள் சுட்டும் பொருள் என்று தொடர்ந்து சென்று, எட்டக்கூடியவற்றுக்கெல்லாம் குறியிட்டு, குறி பெறாதவற்றின் இடத்தை மீட்பது அவர் முறை. இதற்குக் குப்பை அள்ளல் என்று அவருடைய கூடத்தார் பெயரிட்டு வழங்கினர். கட்டுரையிலோ அப்பெயர் இல்லை. தாமே கூச்சப்பட்டு விட்டாரோ, ஆய்வுகூடத்தில் மொழிநடையைத் திருத்தும் இலக்கணப் பெண்மணிகள் இடங்கொடுத்திரார்களோ என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகக் குறிப்பு எழுதினார். அந்தப் பெண்மணிகள் மேல் எனக்கு நிரம்பிய மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் தோற்றார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பவர் வேறொரு வழி கண்டார். ஈண்டு நம் இலக்கணம் உதவும். அ, இ, உ என்பன சுட்டு. ஒரு வாக்கியத்திலே 'அது' என்று சொல்லும்போது முன்னே வந்த ஒரு பொருளைச் சுட்டுகின்றோம். செய்நிரலிலும் அவ்வாறே ஒவ்வொரு பொருளையும் பிற பொருள்களும் பெயர்களும் சுட்டி நிற்கும். கொலின்ஸ் செய்தது யாதெனின், ஒவ்வொரு பொருளோடும் ஓர் எண்ணைச் சேர்த்து வைத்ததே. புதிய சுட்டு ஒன்று பிறந்தால் எண் ஒன்று கூடும். ஒரு சுட்டு அழிந்தால் ஒன்று குறையும். எண் பூச்சியமானால் அப்பொருளைச் சுட்டுவார் எவருமில்லை. உடனே இடத்தை மீட்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவைத்துப் பெருந் துப்புரவு செய்யவேண்டிய அவசியமே இல்லை.

கேட்பதற்கு எவ்வளவு செப்பமாயிருக்கின்றது! நானும் அப்படியே மயங்கினேன். மாணவர் ஒரு தாளை எடுத்து இரண்டு வட்டங்கள் வரைந்தார். முதல் வட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்பு. இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு ஓர் அம்பு. வேறு எவரும் இவற்றைச் சுட்டவில்லை. "இவற்றின் எண் என்ன, ஐயா?" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பூச்சியம் ஆகவே ஆகாது. உலகில் எவருக்கும் வேண்டாத இரு பொருள்கள் ஒன்றையொன்று வேண்டியவை என்று சாட்சி சொல்லிக்கொண்டு, கணினி அணையும் வரை இடத்தைப் பிடித்திருக்கும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நாம் அறிந்த குற்றமல்லவா? தருக்கம் பயின்றார் அறிவர்: ஒன்றை நிலைநாட்ட அதனையே ஆதாரமாகக் காட்டுவது ஆன்மாச்சிரயம்; இரண்டு ஒன்றையொன்று ஆதாரமாகப் பற்றுவது அந்நியோந்நியாச்சிரயம்; மூன்றோ பலவோ சுற்றி வந்து தொடங்கிய இடத்திலே முடிவது சக்கரகம். தன்னையே தன்னுள் அடக்கிய பட்டியல் முதலாவது வகை. தாளில் வரைந்த இரு வட்டங்கள் இரண்டாவது. சங்கிலி வளையம் மூன்றாவது. மருங்கு என்பதற்குப் பக்கம் என்றும், பக்கம் என்பதற்கு மருங்கு என்றும் பொருள் எழுதும் அகராதியைப் புரட்டி ஏமாந்த மாணவர் யாவரும் இக்குற்றத்தின் வாய்ப்பட்டவரே. கணினியுலகில் இதனை 1963இல் எழுத்தில் எடுத்துக்காட்டியவர் ஹரோல்ட் மக்பெத் என்பவர். நாடகத்து மக்பெத் அல்லர்.

குறை தெரிந்தும் எண்ணும் முறையைப் பலர் விட்டாரில்லை. எளிமையும் உடனடிப் பயனும் அவ்வளவு. ஒல்லாந்தரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைதன் மொழியும் அவற்றுள் ஒன்று. (பைதன் என்றதும் மலைப்பாம்பை நினைப்பார் பலர். அவர் பெயரை எடுத்தது ஆங்கிலேய நகைச்சுவைக் குழுவொன்றிடமிருந்து.) அம்மொழியின் இயங்குநேரத் தொகுதி சுட்டுகளை எண்ணியது, சக்கரங்களைக் கண்டுகொள்ளவில்லை. அவற்றைக் கையால் அறுத்துவிடுவது செய்நிரல் எழுதுவோர் பொறுப்பாயிருந்தது. மனிதர் மறப்பர். எனவே கசிவு.

அதனைச் சீர்செய்த வழியை நம்மூர் உவமையொன்றால் விளக்க முயல்கின்றேன். ஓர் ஒழுங்கையில் நான்கு வீடுகள். வெளியூர் போவோர் வீட்டுத் திறப்பை அயல்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது நம் வழக்கம். அதிகாரி ஒருவர் வருகின்றார். எவரிடமும் திறப்பு இல்லாத வீடே கைவிடப்பட்ட வீடு என்பது அவர் விதி. முதலாம் வீட்டின் திறப்பு இரண்டாம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது. இரண்டாம் வீட்டின் திறப்பு முதலாம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது. இரு குடும்பமும் கனடா போய்ப் பல்லாண்டுகள் ஆயின. அதிகாரி திறப்புகளை மட்டும் எண்ணினால், இரண்டு வீட்டுக்கும் ஆள் உண்டு என்றே எழுதிக்கொண்டு போவார்.

வேறொரு அதிகாரி வருகின்றார் என்று கொள்வோம். அவர் நான்கு வீட்டையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை திறப்பு என்று குறிக்கின்றார். பின்னர் ஒவ்வொரு வீட்டினுள்ளும் புகுந்து, அங்கே எந்த வீட்டின் திறப்பு தொங்குகின்றதோ அந்த வீட்டின் எண்ணில் ஒன்றைக் கழிக்கின்றார். அதாவது ஒழுங்கைக்குள்ளேயே ஒருவருக்கொருவர் சொல்லும் சாட்சியைத் தள்ளிவிடுகின்றார். முதலாம் வீடும் இரண்டாம் வீடும் பூச்சியமாகின்றன. மூன்றாம் வீட்டில் ஒன்று எஞ்சுகின்றது. அதன் திறப்பு ஒழுங்கைக்கு வெளியே, ஊரில் வாழும் ஒருவர் மடியில் இருக்கின்றது. நான்காம் வீடும் பூச்சியந்தான். ஆனால் அதன் திறப்பு மூன்றாம் வீட்டினுள்ளே தொங்குவதால், மூன்றாவதற்கு வருபவர் நான்காவதற்கும் போகக்கூடும். அதனையும் காப்பாற்றி எழுதுகின்றார். எஞ்சிய இரண்டும் கைவிடப்பட்டவை.

பைதன் செய்தது முற்றும் இதுவே. இவ்வழியைச் சொன்னவர் எரிக் டீடெமன். அதற்கு முன்னரே டோபி கெல்சி சக்கரங்காணும் முறையொன்றைச் செய்து பார்த்திருந்தார். ரோசமும் நீல் ஷெமனாவரும் தனித்தனியே இரண்டு ஆக்கங்கள் எழுத, அவற்றை ஷெமனாவர் ஒன்றாக்கினார். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி வெளிவந்த பைதன் 2.0இல் அது இடம்பெற்றது. எண்ணும் முறையை எறிந்துவிடாமல், எண்ணிக் காணமுடியாததை மாத்திரம் இடையிடையே தேடும் இரண்டாங் காவலாக அதனை வைத்தார்கள். எண்ணும் எழுத்துத் தொடரும் பிறவற்றைச் சுட்டுவதில்லை. ஆதலின் அவற்றைத் தேடவேண்டியதுமில்லை. பிறவற்றைத் தம்முள் அடக்கும் பட்டியல் முதலியவற்றையே தேடினாற் போதும். அடக்கமான திருத்தம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

அந்த 2000ஆம் ஆண்டை நாம் மறத்தற்கு இல்லை. ஏப்ரலில் ஆனையிறவு கைமாறியபின் போர் தென்மராட்சிக்குள் வந்தது. பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். உலகின் மறுகோடியில் சிலர் கைவிடப்பட்ட பொருள்களைக் கண்டறியும் வழியைச் செப்பமாக்கிக்கொண்டிருந்த அந்த ஒக்டோபரில், நாங்கள் வடமராட்சியில் பிறர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தோம். போகும்போது பக்கத்து வீட்டார் தம் திறப்பை என் மனைவியிடம் தந்துவிட்டு வேறு திசையாற் போனார்கள். நாங்கள் மீண்டு வந்தபோது அவர்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மாத்திரம் இருந்தது. திறப்பு இன்னும் என் வீட்டுச் சுவரில், பஞ்சாங்கத்துக்கு அருகே தொங்குகின்றது. மாணவர் அதனைப் பார்த்துவிட்டு, "இது கசிவுக்கு மறுதலையான பிழை, ஐயா. பொருள் அழிந்தபின்னும் நிற்கும் சுட்டு. தொங்கும் சுட்டு என்போம். கசிவைவிட இது ஆபத்து" என்றார். காலி என்று எண்ணி வேறொருவர் குடிபுகுந்த இடத்துக்குப் பழைய திறப்போடு போய் நிற்பதைப் போன்றதாம். இயங்குநேரத் தொகுதிகள் ஐயமுள்ள பொருளை மீட்காமல் விட்டுவைப்பது இந்த அச்சத்தினாலேயே. கழற்றி வைக்கலாமா என்று நானும் சில வேளை நினைப்பதுண்டு. மனைவி விடுவதில்லை.

2000த்தின் திருத்தத்துக்குப் பின்னும் ஒரு வகைக் கசிவு எஞ்சிற்று. சில பொருள்கள் தாம் அழியுமுன் செய்துவிட வேண்டியதை எழுதி வைத்திருக்கும். திறந்த கோப்பை மூடுதல், பிடித்த இணைப்பை விடுதல் முதலாயின. மரணசாசனம் என்று கொள்ளலாம். இத்தகைய இரு பொருள்கள் சக்கரத்தில் அகப்பட்டால் எதன் சாசனத்தை முதலில் நிறைவேற்றுவது? முதலாவதை அழித்தபின் இரண்டாவதன் சாசனம், "அந்த முதலாவதிடம் கேட்டுச் செய்க" என்று சொன்னால்? விடை தெரியாமையால் அவற்றை அழிக்காமல், குப்பை என்றே பெயரிட்ட ஒரு பட்டியலில் எடுத்து வைத்தார்கள். பட்டியல் அவற்றைச் சுட்டுகின்றபடியால் அவை சாகா. குப்பையென்று பெயர் சூட்டிக் காப்பாற்றும் விநோதத்தை இங்கேதான் கண்டேன்.

2014இல் வெளியான பைதன் 3.4இல் அந்துவான் பித்ரூ என்பவர் வகுத்த முறை இதனையும் தீர்த்தது. சக்கரத்தில் உள்ள எதனையும் உடைக்குமுன், எல்லாம் முழுமையாய் இருக்கும்போதே, எல்லாச் சாசனங்களையும் ஒவ்வொரு முறை நிறைவேற்றிவிட வேண்டும். அதன்பின் மறுபடியும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏனெனில் சாசனம் நிறைவேறும் வேளையில் வெளியேயுள்ள எவரேனும் அப்பொருளைப் பற்றிக்கொண்டிருக்கக் கூடும். பற்றியிருந்தால் அது பிழைத்தது. இல்லையேல் அழிக்கலாம். இவ்வளவு எளிய விடைக்குப் பதினான்கு ஆண்டு ஆயிற்றா என்று கேட்டேன். "எளிது என்று தெரிவதற்குத்தான் பதினான்கு ஆண்டு" என்றார் மாணவர். வகுப்பில் அவர் இப்படி ஒருநாளும் பேசியதில்லை.

இயங்குநேரத் தொகுதியும் மனிதர் எழுதியதே. பைதனின் தொகுதி பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அங்கே சுட்டு பிறக்கும்போது கூட்டுவதும் அழியும்போது குறைப்பதும் பல இடங்களில் கையாற் செய்யவேண்டிய வேலை. ஓரிடத்திற் குறைக்க மறந்தால் மொழியே கசியும். அதில் எழுதும் எவரும் அறியார். அதனைக் காணும் வழி ஆசிரியர்க்குரியது. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தி, ஒவ்வொரு முறையும் மொத்தச் சுட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கின்றார்கள். முதற் சில ஓட்டங்களை விட்டுவிடுவர்; புதிதாகத் தொடங்கும்போது சிறிது ஏறுவது இயல்பு. அதன் பின்னும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக ஏறிக்கொண்டு போனால், அங்கே கசிவு உண்டு.

தமிழிற் செய்நிரல் எழுத இயலுமா என்று என் வகுப்பு மாணவர் கேட்பதுண்டு. முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் மொழி உண்டு. 2009இலேயே அதனை விளக்கிக் கட்டுரை எழுதினார். நிபந்தனையை முன்னே வைத்து 'ஆனால்' என்பதைப் பின்னே வைக்கின்றது அது. நம் வாக்கிய மரபு பிறழாமை கண்டு மகிழ்ந்தேன். எழில் பைதனின் மேல் நிற்பது. ஆகவே அதிலே எழுதும் மாணவர் அறிந்தோ அறியாமலோ மேலே சொன்ன திருத்தங்களின் பயனைப் பெறுகின்றார்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் உமது செய்நிரல் ஏன் கசிகின்றது?" என்றேன். அதுவும் பைதனில் எழுதியதுதானாம். மாணவர் வெட்கத்தோடு சொன்னார். வந்துபோகும் ஒவ்வொருவரைப் பற்றிய விவரத்தையும் பின்னர் விரைவாக எடுக்கலாம் என்று ஓர் அட்டவணையில் அவரே சேர்த்து வைத்திருக்கின்றார். அட்டவணை செய்நிரல் உள்ளவரை உயிரோடிருக்கும். அது சுட்டுகின்ற யாவும் எட்டக்கூடியவையே. சக்கரமும் இல்லை, கைவிடலும் இல்லை. எட்டுமா எட்டாதா என்பதையே தொகுதி அறியும். வேண்டுமா வேண்டாமா என்பது எழுதியவர்க்கன்றோ தெரியும்? அங்கே எந்தத் துப்புரவும் உதவாது.

இதற்கும் ஒரு கருவி 2001 முதல் பைதனில் உண்டு. ஒரு பொருளைச் சுட்டும், ஆனால் அதன் எண்ணிற் சேராத சுட்டு. மற்றெல்லாச் சுட்டும் நீங்கினால் பொருள் நீங்கும். இந்தச் சுட்டு அதனைத் தடுக்காது. கேட்டால் இல்லை என்று சொல்லும். முகவரி அறிந்திருத்தல் போன்றது, திறப்பு வைத்திருத்தல் அன்று. மெலிந்த சுட்டு என்று அவர் மொழிபெயர்த்திருந்தார். மெலிவு அதன் இயல்பு அன்று, பற்றாமையே இயல்பு, ஆதலின் பற்றாச் சுட்டு என்று சொல்லும் என்றேன். தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். கசிவுக்கு முடக்கம் என்று சொன்னதை ஏற்காதவர் இதனை ஏற்றது எனக்குச் சிறிது ஆறுதல்.

தை கழிந்து மாசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அட்டவணையைப் பற்றாச் சுட்டாக மாற்றியாயிற்று, பதினெட்டு நாளாகச் செய்நிரல் நிற்கவில்லை, பிடித்திருக்கும் இடம் காலையில் ஏறி இரவில் இறங்குகின்றது, நள்ளிரவில் எழவேண்டியதில்லை. கடிதத்தில் ஒற்றுப்பிழை நான்கு இருந்தன. திருத்தி அனுப்பியிருக்கின்றேன்.